மலை வீட்டுத் தோட்டத்தில் பூண்டு: நடவு நாள் முதல் பரணில் ஏற்றும் வரை

பூண்டை முளைக்க வைப்பது எளிது. பல்லைப் பிரித்து, கூர்முனை மேலே இருக்கும்படி ஈர மண்ணில் ஊன்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் பச்சைத் தாள் எட்டிப் பார்க்கும். மலைப் பகுதியில் பூண்டு கைவிட்டுப் போவது பெரும்பாலும் கடைசியில்தான். நன்றாகத் திரண்ட பூண்டு மழையில் பிடுங்கப்பட்டுப் பூஞ்சணம் பிடிக்கிறது, அல்லது குளிர்ந்த வீட்டுக்குள் இரண்டே மாதத்தில் முளைவிட்டுச் சுருங்குகிறது. விளைய வேண்டியது மண்ணில் என்றாலும், பூண்டை ஆண்டு முழுவதும் கைக்குக் கொடுப்பது பிடுங்கிய பின் காயவைக்கும் காய்ச்சல்தான்.

அதனால் திட்டத்தை அறுவடையிலிருந்து தொடங்குங்கள். எந்த மாதத்தில் பிடுங்கப் போகிறீர்கள், அப்போது வானம் எப்படி இருக்கும், எங்கே காயவைப்பீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், நடவு நாள் அங்கிருந்து பின்னோக்கி எண்ணும்போது தானாகவே கிடைத்துவிடும்.

எப்போது நடுவது

கொடைக்கானலை ஒட்டிய மேல்பழனி மலையில் மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி, கூக்கால், கிளாவரை பக்கம் பூண்டு ஆண்டுக்கு இரண்டு போகம் நடக்கிறது. கோடை மழையையும் தென்மேற்குப் பருவத்தையும் நம்பி மே, ஜூனில் ஒரு நடவு. அக்டோபர், நவம்பரில் இன்னொரு நடவு. நீலகிரியிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். சந்தை விலையைப் பார்க்க வேண்டிய விவசாயிக்கு இரண்டு போகமும் தேவை. வீட்டுத் தோட்டக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அக்டோபர் கடைசி முதல் நவம்பர் பாதி வரையிலான நடவே போதும் என்று சொல்வேன்.

காரணம் இரண்டு. முதலாவது, காய்ச்சல். மலைப்பூண்டு 120 முதல் 130 நாளில் முதிரும். நவம்பர் தொடக்கத்தில் ஊன்றினால் மார்ச் முதல் இரண்டு வாரத்தில் பிடுங்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரைதான் இந்த மலைகளில் காற்று உலர்ந்திருக்கும் காலம். ஏப்ரலில் கோடை மழை இறங்குவதற்குள் பூண்டு காய்ந்து உள்ளே போய்விடும். ஜூனில் நட்டால் அக்டோபரில் பிடுங்க வேண்டியிருக்கும். பழனி மலையில் அது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். மூடுபனியும் தூறலும் ஓயாத அந்த நாட்களில் ஒரு வீட்டில் பூண்டைக் காயவைப்பது பெரும்பாடு.

இரண்டாவது, குளிர். பூண்டு பல் பிரிந்து திரள்வதற்கு இளம் வயதில் சில வாரக் குளிர் தேவைப்படுகிறது. ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே இரவுகள் இறங்க வேண்டும். நவம்பரில் நட்ட பயிருக்கு டிசம்பர், ஜனவரி இரவுகள் சரியான வயதில் வந்து சேர்கின்றன. போதிய குளிர் படாத செடி, பல் பிரியாமல் ஒரே உருண்டையாக நின்றுவிடும். அதைத்தான் ஒற்றைப்பல் பூண்டு, ஒருதலைப் பூண்டு என்கிறோம். சமையலுக்கு அதுவும் அருமையானதுதான். ஆனால் பாத்தி முழுக்க அதுவாகவே வந்தால் எடை தேறாது.

உங்கள் வீடு எந்தச் சரிவில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவம் வலுத்துப் பெய்யும். அங்கே இருப்பவர்கள் மழை சற்று ஓயும்வரை பொறுத்து நவம்பர் பிற்பாதியில் நடலாம், தவறில்லை. ஊட்டி, எமரால்டு பக்கம் பெருமழை ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் என்பதால் அக்டோபரிலேயே ஊன்றிவிடலாம். பெருமாள்மலை மாதிரி சற்றுத் தாழ்ந்த இடங்களில் பூண்டு வரும், தலை கொஞ்சம் சிறிதாக இருக்கும். அடிவாரத்துக்கு வந்துவிட்டால் மலை ரகங்களை நம்பி இறங்க வேண்டாம்.

விதைப்பூண்டுதான் பாதி விளைச்சல்

பூண்டுக்கு விதை கிடையாது. பல்தான் விதை. அதனால் நடுகிற பல்லில் என்ன குணம், என்ன நோய் இருக்கிறதோ அதுவே அப்படியே மறு தலைமுறைக்கும் போகும்.

மளிகைக் கடையில் பெரிய பெரிய பல்லோடு பளபளவென்று இருக்கும் வடக்கத்திப் பூண்டைப் பார்த்ததும் அதையே நட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம். இமாச்சல், காஷ்மீர் பக்கத்து மலை ரகங்கள் நீண்ட பகல் கேட்பவை. கோடையில் 14 மணி நேரம் வெளிச்சம் இருக்கும் இடத்துக்குப் பழகியவை. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10, 11 டிகிரியில். இங்கே மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டாது. நவம்பரில் நட்டால் 12 மணி நேரத்துக்கும் குறைந்த பகலில்தான் அது வளர வேண்டும். தாள் செழிப்பாக வரும், கீழே தலை திரளாது. உரம் போதவில்லை, தண்ணீர் போதவில்லை என்று பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான். கோளாறு ரகத்தில் இருக்கிறது.

மேல்பழனி மலையில் சிங்கப்பூர் என்றும் மேட்டுப்பாளையம் என்றும் பெயர் சொல்லி இரண்டு ரகங்களை வழிவழியாக வைத்திருக்கிறார்கள். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது இவற்றைக் கொண்டுதான். நீலகிரிக்காரர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்து வெளியிட்ட ஊட்டி 1 ரகமும் உண்டு. இவற்றில் எதுவானாலும் சரி. உங்கள் உயரத்தில், உங்கள் பக்கத்து ஊரில் நன்றாக விளைந்ததை விளைவித்தவரிடமே வாங்குவது எல்லாவற்றையும் விட நல்லது. வடுகபட்டிச் சந்தையிலும் மேட்டுப்பாளையம் மண்டியிலும் மலைப்பூண்டு கிடைக்கும். ஆனால் அங்கே வேறு மாநிலச் சரக்கும் வந்து இறங்குவதால், விதைக்கு என்று சொல்லி, எந்த ஊர்ப் பூண்டு என்று கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று, அப்போதுதான் அறுத்த பூண்டு முளைக்காது. அதற்கு உறக்க காலம் இருக்கிறது. அறுவடையாகி இரண்டரை, மூன்று மாதமாவது ஆன பூண்டுதான் ஒரே சீராக முளைக்கும். ஒரு பல்லை நெடுக்காகக் கீறிப் பாருங்கள். நடுவில் இருக்கும் பச்சை முளை பல்லின் பாதி உயரத்தைத் தாண்டியிருந்தால் உறக்கம் கலைந்துவிட்டது, தைரியமாக நடலாம்.

எவ்வளவு வாங்குவது? 3 அடி அகலம், 10 அடி நீளமுள்ள ஒரு பாத்தியை அளவாக வைத்துக்கொள்வோம். வரிசைக்கு வரிசை 15 செ.மீ., பல்லுக்குப் பல் 10 செ.மீ. என்றால் அதில் ஏறக்குறைய 180 பல் பிடிக்கும். பல் ஒன்று 2 முதல் 3 கிராம் என்று கொண்டால், கழிப்பதையும் சேர்த்து அரைக்கிலோ, முக்கால் கிலோ விதைப்பூண்டு போதும். பழுதில்லாமல் வந்தால் காய்ந்த பூண்டாக 3 கிலோ வரை எதிர்பார்க்கலாம். சின்னக் குடும்பத்துக்கு நான்கைந்து மாதத்துக்குக் காணும். ஆண்டு முழுக்க வேண்டுமென்றால் இதுபோல் இரண்டு மூன்று பாத்தி போடுங்கள்.

மண்ணும் மேட்டுப்பாத்தியும்

மலை மண்ணில் மக்கு அதிகம், பார்க்கக் கறுப்பாக அழகாக இருக்கும். ஆனால் ஆண்டாண்டாகப் பெய்யும் மழை சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடுவதால் புளிப்பு மண்ணாகத்தான் இருக்கும். அமில-கார அளவு (pH) 5, 5.5 என்று இருப்பது இங்கே சாதாரணம்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பூண்டு கேட்பது 6 முதல் 7 வரை. புளிப்பு அதிகமான மண்ணில் வேர் கட்டைபோட்டு, போட்ட உரமும் பயிருக்குச் சேராமல் போகும்.

முடிந்தால் மண் பரிசோதனை செய்து, அவர்கள் சொல்லும் அளவு டோலமைட்டோ விவசாயச் சுண்ணாம்போ போடுங்கள். பரிசோதனை இல்லாமல் போடுவதானால் சதுர மீட்டருக்கு 200 கிராமைத் தாண்ட வேண்டாம். மேலே சொன்ன பாத்திக்கு அரைக்கிலோவுக்குச் சற்று மேலே வரும். டோலமைட்டில் மக்னீசியமும் இருப்பதால் மலை மண்ணுக்கு அதுவே என் தேர்வு. நடவுக்கு ஒரு மாதம் முன்பே தூவிக் கொத்திவிட வேண்டும். சுண்ணாம்பையும் தொழு உரத்தையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். உரத்தில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) வாயுவாகப் பறந்துவிடும். இடையில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். ஜிப்சம் போட்டால் புளிப்பு குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள், குறையாது. ஆனால் ஜிப்சத்தில் கந்தகம் இருக்கிறது. பூண்டின் காரமும் மணமும் கந்தகச் சேர்மங்களால் வருபவை என்பதால் பாத்திக்கு இரண்டு கைப்பிடி ஜிப்சம் தூவுவதில் பலன் உண்டு.

அடியுரமாக நன்றாக மக்கிய தொழு உரம் சதுர மீட்டருக்கு 5 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 100 கிராம். நம் பாத்திக்கு 14 கிலோ தொழு உரமும் கால் கிலோவுக்குச் சற்று கூடுதலான புண்ணாக்கும் வரும். தொழு உரம் மக்கியிருப்பது முக்கியம். கையில் எடுத்தால் சாண வாடை அடிக்கக் கூடாது. பச்சைச் சாணத்தைப் போட்டால் வெண்புழு வரும், புழுவைத் தேடிக் காட்டுப்பன்றியும் வரும். பன்றி பூண்டைத் தின்பதற்காகக் கிளறுவதில்லை. ஆனால் ஒரு ராத்திரியில் பாத்தியைப் புரட்டிப் போட்டுவிட்டால் நமக்கு எல்லாம் ஒன்றுதான். காட்டெருமை நடமாட்டம் உள்ள இடமாக இருந்தால் வேலியோரத்தை விட்டு வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் பாத்தி போடுங்கள். மிதிபட்ட பூண்டு தலை திரளாது.

மண்ணை ஒரு முழ ஆழம் கொத்தி, கல்லும் வேரும் பொறுக்கி, பொடியாக்கி, தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்தி மேட்டுப்பாத்தியாகப் போடுங்கள். சரிவான தோட்டத்தில் பாத்தி சரிவுக்குக் குறுக்கே போக வேண்டும். இல்லாவிட்டால் நவம்பர் மழை மண்ணையும் பல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பாத்திக்குப் பாத்தி வாய்க்கால் விட்டு, அதன் கடைசி வரை தண்ணீர் தேங்காமல் ஓடுகிறதா என்று நடவுக்கு முன்பே ஒரு குடம் ஊற்றிப் பார்த்துவிடுவது நல்லது. குளிரில் நனைந்து கிடக்கும் மண்ணில் பல் அழுகுவதற்கு மூன்று நாள் போதும்.

இடம் நேரடி வெயில் விழுவதாக இருக்கட்டும், நாளுக்கு ஆறு மணி நேரமாவது. பேரிக்காய், பிளம்ஸ் மர நிழலிலோ சவுக்கு மர வேலியின் வடக்குப் பக்கத்திலோ போட்டால் தாள் நீண்டு மெலிந்து போகும். தரையில் இடமே இல்லாதவர்கள் ஓரடி அகலமுள்ள வளர்ப்புப் பையில் ஐந்தாறு பல் நடலாம். பையில் மண் சீக்கிரம் காய்வதால் ஜனவரிக்குப் பிறகு கூடுதல் கவனம் வேண்டும்.

நடவு

பூண்டை நடுவதற்கு முந்தைய நாள் மாலையில்தான் பிரிக்க வேண்டும். வாரக்கணக்கில் பிரித்து வைத்த பல் காய்ந்துவிடும். மேல்தோலை உரிக்க வேண்டியதில்லை, உரிக்கக் கூடாது. அடியில் இருக்கும் தட்டையான வேர்ப்பாகம் உடையாமல் பிரியுங்கள். அது உடைந்த பல் வேர் விடாது.

அப்புறம் தரம் பிரிப்பது. வெளிவட்டத்தில் இருக்கும் பெரிய பற்களை நடவுக்கு வையுங்கள். நடுவில் இருக்கும் மெல்லிய பற்கள் சமையலுக்கு. மெத்தென்று அமுங்குவது, மஞ்சள் படிந்தது, நீலப் பூஞ்சணம் தெரிவது எல்லாவற்றையும் தயங்காமல் கழித்துவிடுங்கள். பெரிய பல் பெரிய தலையைத் தரும் என்பது பூண்டில் அப்படியே உண்மை. முதல் ஒரு மாதம் செடி உண்பது பல்லில் சேர்ந்திருக்கும் சத்தைத்தான்.

விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையோ 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவோ எடுத்து, கொஞ்சம் ஆறிய கஞ்சியில் கலந்து பல்லின் மேல் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்துங்கள். வேளாண் விரிவாக்க மையங்களில் இவை கிடைக்கும்.

கயிறு பிடித்து 15 செ.மீ.க்கு ஒரு கோடு கீறி, 10 செ.மீ.க்கு ஒரு பல்லாக, கூர்முனை மேல்நோக்கி ஊன்றுங்கள். பல்லின் தலைக்கு மேல் 2, 3 செ.மீ. மண் இருந்தால் போதும். மேலாக வைத்தால் மழை மண்ணைக் கரைத்ததும் பல் வெளியே தள்ளப்படும், காக்கையும் மைனாவும் பிடுங்கிப் போடும். ரொம்ப ஆழமாக வைத்தால் முளை வெளிவரத் திணறும், தலையும் நீளவாக்கில் கோணிப்போகும். தலைகீழாக ஊன்றினாலும் முளைக்கத்தான் செய்யும். ஆனால் தாள் வளைந்து ஏறி வருவதால் பூண்டின் வடிவம் கெடும். குழந்தைகளை நடவுக்குக் கூப்பிட்டால் வேர்ப்பக்கம் எது, முளைப்பக்கம் எது என்று முதலில் கையில் கொடுத்துக் காட்டிவிடுங்கள். அவர்கள் விரல்தான் இந்த வேலைக்குச் சரியான அளவு.

மழை இல்லாத நாளாக இருந்தால் நட்டவுடன் பூவாளியால் ஒரு தண்ணீர். அதற்கு மேல் ஒரு விரல் கனத்துக்குக் காய்ந்த புல்லோ சருகோ பரப்பலாம். நம் மலையில் எளிதாகக் கிடைப்பது யூகலிப்டஸ் சருகு. அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதிலிருந்து கசியும் எண்ணெய்ச் சத்து இளம் பயிரை அடக்கும். மழை வலுத்து நத்தை நடமாட்டம் தெரிந்தால் மூடாக்கைக் கொஞ்ச நாளைக்கு எடுத்துவிட்டு, டிசம்பரில் திரும்பப் போடுங்கள்.

நான்கு மாதமும் என்ன செய்வது

முதல் மாதத்தில் பெரிய வேலை களைதான். பூண்டுத் தாள் குறுகலாக நேராக நிற்பதால் தரையை ஒருபோதும் மூடாது. களைகள் அந்த இடைவெளியில் அடர்ந்து ஏறும். நட்ட 30-ஆம் நாள் வாக்கில் ஒரு களை, 60-ஆம் நாள் வாக்கில் இன்னொன்று. பூண்டின் வேர் மேலாகவே படர்வதால் கொத்து ஆழமாக இறங்கக் கூடாது, வரிசைக்கு நடுவில் சுரண்டினால் போதும். இரண்டாவது களைக்குப் பிறகு கொத்தைத் தொடாமல் கையால் மட்டும் பிடுங்குங்கள்.

45-ஆம் நாள் வாக்கில் ஒரு மேலுரம் வேண்டும். கடலைப்புண்ணாக்கு அரைக்கிலோவை மூன்று நாள் ஊறவைத்து, 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து, வரிசை நடுவே ஊற்றலாம். ஜீவாமிர்தம் (சாணமும் கோமியமும் ஊறவைத்த கரைசல்) வைத்திருப்பவர்கள் அதையே பத்து நாளைக்கு ஒருமுறை விடலாம். ரசாயன உரம் போடுபவர்கள் யூரியாவை நம் பாத்திக்கு 20 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதுவானாலும் 60 நாளுக்குப் பிறகு தழைச்சத்து வேண்டவே வேண்டாம். தலை திரளத் தொடங்கிய பிறகு தழைச்சத்து போட்டால், தலைக்குள் இருக்கும் பற்களே மறுபடி தாள்விடத் தொடங்கி, கழுத்து தடித்து, பூண்டு பஞ்சுபோல் இளகிவிடும். அப்படிப்பட்ட பூண்டு பரணில் நிற்காது. பச்சைப்பசேல் என்று இருக்கட்டுமே என்று ஜனவரியில் ஒரு கை உரம் போடுகிற ஆசையை அடக்குவது கடினம், அடக்கத்தான் வேண்டும்.

தண்ணீர் நவம்பரில் பெரும்பாலும் வானமே பார்த்துக்கொள்ளும். மழை நின்றதும் வாரம் ஒரு தண்ணீர். ஜனவரி, பிப்ரவரியில் மண் மேலே வெளுத்துத் தெரிந்தால் ஐந்து நாளைக்கு ஒன்று. தலை திரளும் 60 முதல் 100 நாள் வரை ஈரம் ஏறியிறங்கக் கூடாது. நன்றாகக் காயவிட்டு ஒரேயடியாக நிறைத்தால் தலை வெடித்துவிடும். காலையில் பாய்ச்சுவது நல்லது. மாலையில் தாளை நனைத்தால் ராத்திரி முழுக்க ஈரம் நின்று நோயைக் கூப்பிடும்.

உறைபனிக்குப் பயப்பட வேண்டாம். டிசம்பர் கடைசியில் மன்னவனூர் புல்வெளியும் ஊட்டிக் குதிரைப்பந்தய மைதானமும் வெளுத்துக் கிடக்கும் காலையிலும் பூண்டு நிற்கும். தாளின் நுனி மட்டும் கருகலாம். பனி கனமாக விழுந்த காலையில் வெயில் ஏறுவதற்கு முன் தண்ணீரைத் தெளித்துப் பனியைக் கரைத்துவிட்டால் அந்தக் கருகலும் குறையும்.

நோயும் பூச்சியும்

வீட்டுத் தோட்டத்தில் நான் மிகவும் அஞ்சுவது வெள்ளை அழுகல் ஒன்றைத்தான். குளிர்ந்த ஈர மண் அதற்குச் சொந்த வீடு, 10 முதல் 20 டிகிரிக்குள் நன்றாகப் பரவும், அதாவது நம் மலையின் சாதாரண நாள். அடித்தாள் மஞ்சளாகத் தொடங்கி ஒவ்வொன்றாகச் சாயும். பிடித்து இழுத்தால் செடி எதிர்ப்பே இல்லாமல் கையோடு வரும். வேர்ப்பகுதியில் பஞ்சு போன்ற வெள்ளைப் பூஞ்சணமும், அதில் ஊசிமுனை அளவுக் கரும்புள்ளிகளும் தெரியும். அந்தக் கரும்புள்ளிதான் ஆபத்து. அது மண்ணில் 20 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடந்து, வெங்காயமோ பூண்டோ நட்டவுடன் விழித்துக்கொள்ளும். வந்தபின் மருந்து கிடையாது. கண்டவுடன் அந்தச் செடியையும் சுற்றியுள்ள மண்ணையும் தோண்டியெடுத்து எரியுங்கள், எருக்குழியில் போடவே கூடாது. மண்வெட்டியையும் காலணியையும் கழுவாமல் அடுத்த பாத்திக்குப் போகாதீர்கள். சந்தேகமான இடத்து விதையை வாங்காதீர்கள் என்று மேலே வற்புறுத்தியதும் இதற்காகத்தான். நல்லவேளையாக அந்த நோய் வெங்காயக் குடும்பத்தைத் தவிர வேறெதையும் தொடாது. கேரட்டும் பீன்ஸும் அதே மண்ணில் தாராளமாக வரும்.

மூடுபனி தொடர்ந்தால் தாளில் நீள்வட்ட வெள்ளைப் புள்ளி தோன்றி, நடுவில் ஊதா நிறமாக மாறும். அது ஊதாக்கறை. தொடக்கத்தில் அந்தத் தாள்களைக் கிள்ளி அப்புறப்படுத்தி, சூடோமோனாஸ் கரைசலைத் தெளித்தால் பெரும்பாலும் கட்டுக்குள் நிற்கும். பிப்ரவரி வெயிலில் இலைப்பேன் வரும். தாளின் உட்புறத்தில் வெள்ளிக்கோடு போல் சுரண்டிய தடம் இருந்தால் அதுதான். லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில், தாளின் இடுக்குக்குள் இறங்கும்படி அடியுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை.

இடையில் நடுத்தண்டு ஒன்று பூவோடு எழும்பினால் ஒடித்துவிடுங்கள். ஒடித்த தண்டையும், நெருக்கமாக முளைத்த இளஞ்செடிகளின் தாளையும் பொடியாக அரிந்து முட்டையிலோ பீன்ஸ் பொரியலிலோ போட்டால் தனி மணம். ஒரு செடியிலிருந்து தாளை அடிக்கடி கிள்ளாதீர்கள், தலை சிறுத்துப்போகும்.

பிடுங்கும் நாள்

பிப்ரவரி கடைசியிலிருந்து தினமும் பாத்தியைப் பாருங்கள். அடித்தாள்கள் நுனியிலிருந்து மஞ்சளாகிக் காயத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்துங்கள். அதிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் அறுவடை.

சரியான நாளைக் கண்டுபிடிப்பதில்தான் பக்குவம் தெரியும். பூண்டின் ஒவ்வொரு தாளும் கீழே ஒரு தோலாகத் தலையைப் போர்த்தியிருக்கிறது. தாள் காய்ந்தால் அந்தத் தோலும் காய்ந்து, மண்ணுக்குள் மெல்ல இற்றுப்போகும். எல்லாத் தாளும் காயட்டும் என்று காத்திருந்தால் போர்த்தத் தோலே இல்லாமல் பல் பல்லாகப் பிரிந்த பூண்டுதான் கிடைக்கும். அடியிலிருந்து பாதித் தாள் காய்ந்து, மேலே நான்கைந்து பச்சையாக இருக்கும்போது ஒன்றைத் தோண்டி எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பற்கள் தோலை நிறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் மறுநாளே அறுவடை. பற்களுக்கிடையே இன்னும் சதைப்பற்றான வெள்ளைப் பகுதி தடித்திருந்தால் ஒரு வாரம் விடலாம். மழை வரும் என்று வானம் சொன்னால் நான்கு நாள் முன்பே பிடுங்கிவிடுவது மேல். சற்றே இளம் பூண்டைக் காயவைத்துக் காப்பாற்றலாம், நனைந்து வெடித்த பூண்டை எதுவும் செய்ய முடியாது.

கழுத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். முள்கொத்தைப் பாத்தியோரத்தில் தள்ளி இறக்கி மண்ணை நெம்பிவிட்டு, இன்னொரு கையால் தூக்குங்கள். மண்ணைத் தட்டுவதற்காக ஒன்றோடொன்று மோதுவதும், கூடையில் வீசுவதும் கூடாது. வெளியே தெரியாத அடி உள்ளே அழுகலாக மாற ஒரு மாதம் ஆகும். கழுவவே கூடாது. ஒட்டிய மண் காய்ந்ததும் தானே உதிரும்.

காய்ச்சலும் பரணும்

பிடுங்கிய பூண்டைத் தாளோடும் வேரோடும் வைத்தே காயவைக்க வேண்டும். வெயிலில் பரப்பாதீர்கள். இந்த உயரத்தில் காற்று குளிர்ந்திருந்தாலும் வெயில் கடுமை, பல் வெந்ததுபோல் மாறிவிடும். பாத்தியிலேயே ஓரிரு நாள் போடுவதானால் ஒன்றின் தலையை மற்றதன் தாள் மறைக்கும்படி வரிசையாக அடுக்குங்கள். மாலையில் பனி இறங்கும் முன் உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும்.

அப்புறம் காற்றோட்டமான திண்ணையிலோ கொட்டகையிலோ இரண்டு மூன்று வாரம். பத்து, பதினைந்து பூண்டாகத் தாளைச் சேர்த்துக் கட்டி, கொத்துக் கொத்தாகக் குறுக்குக் கம்பில் தொங்கவிடுங்கள். கொத்துக்கு நடுவில் காற்று புகும் இடம் இருக்கட்டும். கழுத்தை விரலால் அழுத்தினால் ஈரம் தட்டாமல் சரசரக்க வேண்டும், வேர் கம்பிபோல் விறைக்க வேண்டும், வெளித்தோல் காகிதமாக உரசவேண்டும். இவை மூன்றும் வராமல் பரணுக்கு அனுப்பாதீர்கள். கழுத்து தடித்தவை, வெடித்தவை, அடிபட்டவை எல்லாம் தனியாக எடுத்து முதல் இரண்டு மாதத்துக்குள் சமைத்து முடியுங்கள்.

மலை வீடுகளில் பூண்டை அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் வெறும் பழக்கத்துக்காக வந்ததல்ல. பூண்டு வேகமாக முளைப்பது 5 முதல் 18 டிகிரிக்குள். கொடைக்கானல், ஊட்டி வீடுகளின் உள்ளே பெரும்பாலான நாட்களில் இருப்பது அதே வெப்பம்தான். சமையலறைக் குளிர்ப்பெட்டியும் இதே எல்லைக்குள் வருவதால் அங்கே வைத்த பூண்டு சீக்கிரம் முளைக்கிறது. 25 டிகிரிக்கு மேல் இதமாக, உலர்வாக இருக்கும் இடத்தில் உறக்கம் நீளும். விறகடுப்பின் சூடு அதைக் கொடுத்தது. புகை பூஞ்சணத்தையும் பூச்சியையும் தள்ளி வைத்தது. அப்படிப் புகையேறிய மலைப்பூண்டு ஓராண்டு வரை நிற்கும்.

இன்று எரிவாயு அடுப்பு வந்த வீட்டில் அந்தப் பரண் இல்லை. அப்படியானால் வெந்நீர் போடும் விறகு பாய்லருக்கு மேலே ஒரு கம்பு கட்டலாம். குளிர்காயும் அடுப்பு இருந்தால் அதன் புகைபோக்கி ஓரம், அதுவும் இல்லாவிட்டால் தகரக் கூரைக்கு அடியில் பகல் சூடு தங்கும் உயரமான இடம். ஜூலை, நவம்பர் போன்ற ஈரமான மாதங்களில் வாரம் ஒருமுறையாவது கொத்துக்களைத் தடவிப் பாருங்கள். மெத்தென்று ஒன்று கிடைத்தால் அதை உடனே எடுத்துவிட வேண்டும். நெகிழிப் பையிலும் மூடிய டப்பாவிலும் போடவே கூடாது.

அடுத்த நடவுக்கான விதைப்பூண்டை இந்த நேரத்திலேயே ஒதுக்குங்கள். பாத்தியில் நோயே படாத செடிகளிலிருந்து, பருமனாக, இறுக்கமாக, பல் பெரியதாக இருப்பவற்றை முதலில் எடுத்துத் தனிக் கொத்தாகக் கட்டி, துணியில் அடையாளம் முடிந்து வையுங்கள். சமையலுக்கு எடுக்கிற கை அதன்பக்கம் போகாமல் இருக்கும். 180 பல்லுக்கு இருபது, இருபத்தைந்து நல்ல தலைகள் வைத்தால் கழிவு போகத் தாராளமாக மிஞ்சும். மார்ச்சில் பிடுங்கியது நவம்பருக்குள் எட்டு மாதம் தங்க வேண்டும் என்பதால் விதைக் கொத்தைப் பரணிலேயே இன்னும் சூடான இடத்தில் கட்டுங்கள்.

காலியான பாத்தியில் மறுபடி பூண்டோ வெங்காயமோ மூன்று நான்கு ஆண்டுக்கு வேண்டாம். ஏப்ரல் மழையோடு பீன்ஸ் அல்லது பட்டாணி போடுங்கள், மண்ணுக்குத் தழைச்சத்து திரும்பும். உருளைக்கிழங்கு போட்டுப் போட்டு நூற்புழு ஏறிய தோட்டமாக இருந்தால் பூண்டும் பீன்ஸும் மாற்றி மாற்றி வருவது இன்னும் நல்லது. 1961-இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட அந்த உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு, பூண்டு வேரில் பெருக முடியாது. பீன்ஸ் அறுத்தபின் கேரட்டோ பீட்ரூட்டோ போட்டு, அடுத்த நவம்பரில் பூண்டைத் தோட்டத்தின் வேறொரு பாத்திக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பாத்திக்கு டோலமைட் போட வேண்டியது செப்டம்பர் கடைசியில்.